ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஓர் ஆள்

நெடுந்தீவில் நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், அவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கட்டிலில் போய்ப் படுப்பதற்குள் எத்தனை பேர் எழும்ப வேண்டியிருக்கிறது! அயலில் ஓட்டோ வைத்திருப்பவர் எழும்ப வேண்டும். பிரதேச வைத்தியசாலையில் பார்த்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் படகுக்காரர் எழும்ப வேண்டும்; பல வேளைகளில் கடற்படையின் படகுதான் கைகொடுக்கும். சோளகம் வீசுகிற மாதமென்றால் கடலைப் பார்த்துத்தான் எதையும் முடிவெடுக்கலாம். 2018 யூலையில் வடக்குக்கு வந்த 1990 அம்புலன்ஸ் சேவை பெரிய ஆறுதல். ஆனால் அதன் சில்லும் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும். அங்கிருந்து புங்குடுதீவு, வாணர் பாலம், வேலணை, பண்ணை என்று தரைவழி. நயினாதீவுக்காரருக்குக் கடல் கொஞ்சம் குறைவு. அனலைதீவு, எழுவைதீவுக்காரர் ஊர்காவற்றுறைக்கு வந்து கரையேற வேண்டும்.

இந்தப் பாதை முழுவதும் நோயாளி தனியாக வருவதில்லை. பக்கத்தில் ஒருவர் இருப்பார்: மகள், மருமகன், பெறாமகன், ஒருவரும் இல்லாவிட்டால் முன்வீட்டுக்காரி. கிளினிக் கொப்பியும் சுடுதண்ணிப் போத்தலும் மாற்று உடுப்பும் அவர் கையில்தான் இருக்கும். “பின்னேரத்தில இருந்து மூண்டு தரம் சத்தி எடுத்தவர், போன வருசம் பிறஷர் எண்டு குளிசை குடுத்தவை” என்று வைத்தியருக்குச் சொல்பவர் அவர்தான். எந்த வாட்டு, எந்த நேரம் பார்வையாளரை விடுவார்கள், எக்ஸ்ரேக்கு எங்கே போவது என்று விசாரித்து அறிபவரும் அவர்தான். சுகாதாரத் திணைக்களத்தின் எந்தக் கணக்கிலும் இவருக்கு இடமில்லை. ஆனால் தீவக மக்கள் இலவச மருத்துவத்தைப் பயன்படுத்தி வந்ததே இவரால்தான்.

இவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தீவகத்தில் பிறந்தவர்களில் மிகப் பெரும் பங்கினர் இன்று தீவகத்தில் இல்லை. அவர்கள் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த நாடுகளில் ஆஸ்பத்திரி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் குறுக்கே இல்லை. பல நாடுகளில் பணமும் கேட்பதில்லை. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக எங்கள் சனம் அந்தக் கதவுக்கு வெளியே தயங்கி நின்ற கதைகளும், உள்ளே போயும் வருத்தத்தைச் சொல்ல முடியாமல் திரும்பிய கதைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. சட்டம் உரிமையைக் கொடுத்தது. அந்தத் துணை ஆளைக் கொடுக்கவில்லை. அகதிகளுக்கான சுகாதாரக் கொள்கை எதுவாயினும், அந்த ஆளுக்குச் சம்பளமும் பயிற்சியும் ஒதுக்காதவரை அது அரைக் கொள்கையே. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

ஊர் கலைந்த கதை

தீவகத்தின் இடப்பெயர்வுக்குப் பல தவணைகள் உண்டு. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இன்றும் நோயாளிகள் வருகிற அதே கடற்பாதை அது. 1990 ஓகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, ஊர்காவற்றுறைப் பகுதிகளுக்குள் இராணுவம் வந்தது. 1991 ஒக்ரோபரில் புங்குடுதீவு உட்பட எஞ்சிய ஊர்களும் ஏறக்குறைய ஒரேயடியாகக் கிளம்பின. 2006இல் அல்லைப்பிட்டி மறுபடியும் இரத்தம் கண்டது. குடாநாடு, வன்னி, கொழும்பு, மண்டபம் முகாம் என்று நகர்ந்த சனத்தில் ஒரு பெரும் பகுதி பாரிஸ், ரொறன்ரோ, லண்டன், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே என்று போய்ச் சேர்ந்தது. இன்று புங்குடுதீவின் கலியாண வீட்டை சுவிஸிலும், நயினை அம்மன் திருவிழாவுக்கான கூட்டத்தை ரொறன்ரோவிலும் காணலாம்.

போன இடங்களில் சட்டம் என்ன சொன்னது? இங்கிலாந்தில் அகதி விண்ணப்பதாரர் குடும்ப வைத்தியரிடம் பதியலாம்; பதிவதற்கு அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. சுவிஸில் அகதியாக வந்தவருக்கும் அந்நாட்டவருக்கு உள்ள அதே கட்டாய மருத்துவக் காப்புறுதிதான். கனடாவில் 1957 முதல் இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் ஒன்று இருக்கிறது. மாகாணக் காப்புறுதி கிடைக்கும்வரை அகதிகளைத் தாங்குவது அதுதான். பிரான்சில் விசா இல்லாதவருக்குக்கூட அரச மருத்துவ உதவி என்று ஓர் ஏற்பாடு உண்டு. தாளில் பார்த்தால் எவருக்கும் குறைசொல்ல வராது.

வலிக்கு இடம் சொல்லத் தெரியாதவர்கள்

தாளுக்கும் உடம்புக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க நோர்வேயின் வடக்கு முனைக்குப் போக வேண்டும். தமிழருக்கும் நோர்வேக்குமான உறவு தீவகத்துக்குப் பழக்கமானது. 1956இல் நோர்வே சென்ற குருநகர் அந்தோனி இராஜேந்திரம், பின்னாளில் ஊர் திரும்பி உருவாக்கிய சீநோர் நிறுவனத்தின் படகுத்துறை காரைநகரில்தான் அமைந்தது. அவர் போட்ட பாதையில் மாணவர்களும், பிறகு அகதிகளும் போனார்கள். அவர்களில் கணிசமானோருக்கு வேலை கிடைத்தது ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில். மாதக்கணக்கில் சூரியனைக் காணாத குளிர்காலம், காலையிலிருந்து ஈரத்தில் நின்று மீன் வெட்டுகிற வேலை, ஒரு கிராமத்தில் சில நூறு நோர்வேஜியர், அவர்களுக்கிடையில் ஒரு கை தமிழ்க் குடும்பங்கள்.

மானிடவியலாளர் ஆன் சிக்ஃபிரிட் குரோன்செத் அப்படியான ஒரு மீன்பிடிக் கிராமத்தில் தங்கியிருந்து தமிழரின் வாழ்வையும் வருத்தத்தையும் ஆராய்ந்தார். 2010இல் அது நூலாகவும் வந்தது. அவர் கண்டது இதுதான்: தமிழர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவில்லை. அடிக்கடி போனார்கள். தலையிடி, முதுகுவலி, வயிற்று நோ, உடம்பு முழுக்க உளைவு என்று போனார்கள். வைத்தியர் பரிசோதித்தார், ஒன்றும் பிடிபடவில்லை, வலிமாத்திரை கொடுத்து அனுப்பினார். சில நாளில் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். வைத்தியருக்கு அலுப்பு, நோயாளிக்கு அவமானம். இரு பக்கமும் நல்ல மனம் இருந்தும் எதுவும் குணமாகவில்லை.

அந்த வலிகள் பொய்யில்லை என்பதே குரோன்செத்தின் முடிவு. சுற்றம், கோவில், திருவிழா, நல்லது கெட்டதுக்குக் கூடுகிற முற்றம் எல்லாவற்றையும் ஒன்றாக இழந்தவர்களின் உடம்பு அந்த இழப்பை வலியாகச் சொன்னது. வைத்தியரின் படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. ஊரில் என்றால் இந்த உளைவு வைத்தியரிடம் போவதற்கு முன்பே பத்துப் பேரின் காதில் விழுந்திருக்கும். மாமி ஒருத்தி ஒத்தடம் கொடுத்திருப்பாள். ஒருவர் நேர்த்தி வைக்கச் சொல்லியிருப்பார். இன்னொருவர், “உனக்குப் பிள்ளையின்ர யோசனை, அதுதான்” என்று சொல்லியிருப்பார். இவ்வளவும் கழிந்து எஞ்சிய வருத்தம் மட்டுமே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். அந்நிய நாட்டில் இத்தனை பேரின் வேலையும் அந்த ஒரே வைத்தியரின் சில நிமிடங்களுக்குள் வந்து விழுந்தது. பல குடும்பங்கள் வடக்கு நோர்வேயைவிட்டு ஒஸ்லோ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததில் வியப்பில்லை. வேலையையும் வீட்டையும்விடத் தமிழ்ச் சனத்துக்கு நடுவில் இருப்பதே அவர்களுக்கு மருந்தாகப் பட்டது.

கனடாவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. மோர்ட்டன் பைசர் என்ற மனநல ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ரொறன்ரோத் தமிழரிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 12 வீதமானோரிடம் போர் அனுபவங்களின் பின்னான மனவடு நோய் காணப்பட்டது. அவர்களில் சிகிச்சை பெற்றவர் மிகச் சிலரே. உடம்பு நோவுக்கு அடிக்கடி கதவைத் தட்டியவர்கள், மன நோவுக்குத் தட்டவேயில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. மனநல வைத்தியரிடம் போனவர் என்ற கதை ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்குள் போனால் மகளின் கலியாணம் வரை அது பின்தொடரும் என்ற பயம், கடல் கடந்தும் அப்படியே இருக்கிறது.

இங்கே யாழ்ப்பாணத்துக்குச் சொல்ல ஒன்று உண்டு. போரின் நடுவிலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்ற கைநூலைத் தமிழில் தந்தார். போர் தனி மனிதரை மட்டுமன்றி முழுச் சமூகத்தையும் காயப்படுத்துகிறது, ஆகவே குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே ஆற்ற வேண்டும் என்பது அவருடைய நீண்டகால வாதம். சாந்திகம் போன்ற நிலையங்களில் ஆசிரியர்களும் கிராம மட்ட ஊழியர்களும் சீர்மியம் பழகினார்கள். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் உள்ள வைத்தியர்களுக்குத் தேவைப்பட்ட அறிவு இங்கேதான், குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில், உருவாகிக்கொண்டிருந்தது. இரண்டையும் இணைக்கிற பாலத்தை எவரும் முறையாகக் கட்டவில்லை.

பன்னிரண்டு வயது மொழிபெயர்ப்பாளர்

துணை ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலை பிள்ளைகளின் தலையில் விழுந்தது. புலம்பெயர்ந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. அம்மாவுக்கு இரண்டு மாதமாகப் போகிற இரத்தப்போக்கு நிற்கவில்லை. வைத்தியர் கேட்கிறார், பெடியன் நிலத்தைப் பார்க்கிறான். அம்மாவுக்கு அவன் முகம் தெரிகிறது. “வயித்துக்குள்ள குத்துது எண்டு மட்டும் சொல்லு ராசா” என்கிறாள். அவன் அதைத்தான் சொல்கிறான். வைத்தியர் வயிற்றெரிவுக்குக் குளிசை எழுதுகிறார். இருவரும் பஸ்ஸில் பேசாமல் வீடு திரும்புகிறார்கள். வைத்தியசாலையின் பதிவில் அந்த வருகை முறையாக நடந்து முடிந்ததாகவே இருக்கும். அகதிகள் சுகாதார சேவையை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுகிற அட்டவணையில் அது ஒரு எண்ணிக்கையாகவும் சேரும்.

அம்மம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை அவளுடைய பேத்தி முதலில் கேட்டு, விளங்கிக்கொண்டு, பிறகு அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டிவந்த வீடுகளும் இருக்கின்றன. “டொக்டர் என்ன சொல்லுறார் பிள்ளை?” “ஒண்டுமில்லை அம்மம்மா, இன்னொருக்கா வரட்டாம்.” அந்தப் பொய்யை ஒரு குழந்தையிடம் விட்டுவிடுவது எந்த நாட்டுக்கும் பெருமையில்லை.

அரசுகள் இதைத் தாமதமாகவேனும் உணர்ந்திருக்கின்றன. நோர்வேயில் 2022 யனவரி முதல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அரச சேவைகளில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்துவதைக் கடமையாக்கி, பிள்ளைகளை அந்த வேலைக்கு இழுப்பதைத் தடைசெய்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையின் வழிகாட்டலும் குடும்பத்தவரையும் சிறுவரையும் மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளியிடம் பணம் கேட்கவும் கூடாது என்கிறது. சுவிஸில் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம். தமிழும் அதில் உண்டு. ஆனால் எங்கள் சனத்துக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. தொலைபேசியின் மறுமுனையில் வருகிற குரல் ஊர் ஆளாக இருந்துவிட்டால்? சின்ன ஊரின் பெரிய சொந்தத்துக்குள் இரகசியம் தங்காது என்ற அனுபவம் அந்தப் பயத்தின் அடியில் இருக்கிறது. ஆகவே மொழி தெரிந்த எவரோ ஒருவர் போதாது. வாய் திறக்கமாட்டேன் என்று சட்டப்படி கட்டுப்பட்ட, பயிற்றப்பட்ட, சம்பளம் வாங்குகிற ஒருவர் வேண்டும். பெண்ணுக்குப் பெண் வேண்டும். வந்த முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, 1860களில் உள்ளூர் மாணவருக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நோயாளி ஆங்கிலம் படித்துவிட்டு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வைத்தியம்தான் நோயாளியின் வாய்க்கு அருகில் வந்தது. தங்கள் நாட்டுக்கு வந்த அகதிக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்று கேட்க, எங்களைவிட உரிமையுள்ளவர் வேறு யார்?

கடுதாசியும் பயமும்

மொழிக்கு அடுத்த தடை, கடுதாசி. 2012 யூனில் கனடாவின் ஹார்ப்பர் அரசு அகதிகளுக்கான இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தை வெட்டியது. எம்.வி. சன்சீ கப்பல் 492 தமிழருடன் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகாத நேரம் அது. அகதி என்றாலே சந்தேகத்தோடு பார்க்கிற அரசியல் அப்போது உச்சத்தில் இருந்தது. பலருக்கு மருந்துச் செலவு கிடைக்காமல் போனது. சில நாட்டவருக்குப் பொதுச் சுகாதார ஆபத்து இருந்தாலொழிய எதுவுமே இல்லை. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற குழப்பத்தில் உரித்துள்ளவர்களையும் சில இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். கனடிய வைத்தியர்கள் வெள்ளைக் கோட்டோடு வீதிக்கு வந்தார்கள், வழக்கும் போட்டார்கள். 2014 யூலையில் மத்திய நீதிமன்றம் அந்த வெட்டு கொடுமையானதும் வழமைக்கு மாறானதுமான நடத்தை என்று தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் திட்டம் முழுமையாகத் திரும்பி வந்தது. நான்கு ஆண்டுகள் இதற்கிடையில் கழிந்துபோயின. சலரோகக்காரருக்கு நான்கு ஆண்டு என்பது கண்ணும் சிறுநீரகமும் காலும்.

செலவு மிச்சம் என்பதுதான் இப்படியான வெட்டுகளுக்குச் சொல்லப்படும் காரணம். அதற்கும் பதில் இருக்கிறது. ஜேர்மனியில் 1993ஆம் ஆண்டுச் சட்டம், அகதி விண்ணப்பதாரருக்கு ஆரம்ப காலத்தில் கடும் நோய், வலி, மகப்பேறு போன்றவற்றுக்கே சிகிச்சையை மட்டுப்படுத்தியது. எங்கள் ஆட்கள் பலர் அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள். 1994 முதல் 2013 வரையான தரவுகளைப் பார்த்து இரு ஜேர்மன் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: மட்டுப்படுத்தப்பட்ட சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆளுக்கான மருத்துவச் செலவு, முழு உரிமை பெற்றவர்களைவிட ஏறக்குறைய 40 வீதம் கூடுதல். ஆரம்பத்தில் குடும்ப வைத்தியர் பார்த்துக் குளிசை கொடுத்து முடிக்கக்கூடிய வருத்தம், முற்றிப்போய் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் செலவு கூடாமல் என்ன செய்யும்? கதவை மூடுகிறவர் நோயாளிக்கும் தீங்கு செய்கிறார், தன் திறைசேரிக்கும் தீங்கு செய்கிறார்.

கடுதாசி இருந்தாலும் பயம் விடுவதில்லை. இங்கிலாந்தில் 2017இல் சுகாதார சேவையின் முகவரி விபரங்களைக் குடிவரவு அதிகாரிகள் பெறுவதற்கு ஓர் உடன்படிக்கை இருந்தது. எதிர்ப்பு எழ, அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. ஆனால் வைத்தியரிடம் முகவரி கொடுத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு உடன்படிக்கையோடு சேர்ந்து போய்விடவில்லை. சோதனைச் சாவடியில் பெயரும் ஊரும் சொல்லி வளர்ந்த சனம், படிவத்தில் பெயரும் ஊரும் கேட்கிற எந்த மேசையையும் நம்பத் தயங்கும்.

இந்த இடத்தில் அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவை மறக்க முடியாது. 2021 யூனில், அங்கே தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் அகதிக் குடும்பமொன்றின் மூன்று வயதுச் சிறுமிக்குக் காய்ச்சல் பல நாள் நீடித்தது. வலிமாத்திரையோடு விட்டுவிட்டார்கள் என்று குடும்பத்தின் ஆதரவாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். நியூமோனியா முற்றி இரத்தத்தில் தொற்று ஏறிய நிலையில் விமானத்தில் பேர்த் நகரச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். நாடே கொதித்தது. பிள்ளை பிழைத்தாள், 2022 ஓகஸ்டில் குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. நெடுந்தீவு வறிய தீவுதான். ஆனால் அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் அயல் முழுக்கக் கடற்கரைக்கு வந்து நிற்கும். வசதி படைத்த ஒரு நாட்டில் அந்தக் குடும்பத்துக்கு இல்லாமல் போனது, தாயின் சொல்லை நம்பி அடுத்த அடி எடுத்துவைக்கிற ஒருவர்.

முதியவர்களின் கதை இன்னொன்று. கடலோரக் காற்றில் நடந்து திரிந்த உடம்புகள், இரண்டு வேலை, இரவு வேலை, குளிர், அறைக்குள் அடைபட்ட ஓய்வு என்று மாறியபோது சலரோகமும் பிறஷரும் கூடவே வந்தன. ஒஸ்லோவில் நடந்த சுகாதார ஆய்வுகளில் பாகிஸ்தானியரோடு இலங்கையரிடமும் சலரோகம் உயர்ந்த அளவில் காணப்பட்டது. இங்கே கிளினிக் கொப்பி நோயாளியின் கையில் இருக்கும். அங்கே எல்லாம் கணினிக்குள். கொப்பியைப் பார்த்து மகன் விளங்கப்படுத்திய காலம் போய், என்ன குளிசை எதற்கு என்று தெரியாமலே விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வருபவரிடம் சொல்லி மருந்து எடுப்பித்து, இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இது அறியாமை என்று சொல்லிக் கடந்துபோகிற விடயமில்லை. விளங்கப்படுத்த ஆளில்லை என்பதே விடயம்.

மண்டபம் கற்பித்தது

மொழி ஒன்றாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? தமிழ்நாட்டைப் பார்த்தால் பதில் கிடைக்கும். இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரை வெள்ளையர் காலத்தில் நோய்த்தடுப்புக்காக மறித்துவைத்த அதே மண்டபம் முகாமில்தான், 1983க்குப் பிறகு எங்கள் அகதிகள் முதலில் இறங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரி இலவசம். வைத்தியர் பேசுவதும் தமிழ். ஆனாலும் முகாமின் நெருக்கடி, கழிப்பிட வசதியின்மை, முகாமுக்கு வெளியே போய்வர இருந்த கட்டுப்பாடுகள், அகதி என்ற கூச்சம் எல்லாம் குறுக்கே நின்றன.

அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் இருந்த பெண்களையும் இளைஞரையுமே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றியது. கர்ப்பிணிகளைப் பதியவைப்பது, குழந்தையின் நிறையைப் பார்ப்பது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, தேவையானவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் அவர்களின் வேலை. ஊரில் அயலவர் தானாகச் செய்ததை முகாமில் பயிற்சியோடும் பொறுப்போடும் செய்தார்கள். பணக்கார நாடுகள் பெரும் ஆய்வுகளுக்குப் பிறகு வந்து சேர்கிற முடிவுக்கு, தகரக் கொட்டிலில் இருந்த எங்கள் பெண்கள் அப்போதே வந்துவிட்டார்கள்: அகதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கச் சிறந்தவர், அதே பாதையில் வந்த இன்னொரு அகதி.

எங்கள் கரைக்கு வந்தவர்கள்

இதுவரை மற்ற நாடுகளிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைச் சொன்னேன். அதே அளவுகோலை எங்கள்மேலும் வைக்க வேண்டும். 2022 டிசெம்பரில் வடகடலில் தத்தளித்த படகிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களைக் கடற்படை மீட்டு காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. 2024 டிசெம்பரில் இன்னொரு படகு முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கியது. எத்தனையோ சிறுவர், களைத்துப்போன பெண்கள். அந்த ஊர் மக்கள் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். சாவின் கரையில் நின்ற சனத்துக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. பிறகு அவர்கள் திருகோணமலைக்கும், அங்கிருந்து முல்லைத்தீவில் விமானப்படை முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள்.

இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திட்ட நாடில்லை. வந்தவர்களுக்கு வேலை செய்யும் உரிமையும் இல்லை. ஆனால் 1951இலேயே கட்டணங்களை நீக்கிய அரச வைத்தியசாலை முறை இங்கே இருக்கிறது. வாசலில் வந்து நிற்பவரை வருத்தத்தோடு திருப்பி அனுப்புகிற வழக்கம் அதற்கு இல்லை. அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் வருகிறது. ரோஹிங்கியாத் தாய் ஒருத்தி எங்கள் வைத்தியசாலைக்கு வந்தால், அவளுடைய மொழி தெரிந்தவர் யார்? தமிழும் உதவாது, சிங்களமும் உதவாது. அவள் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வோமா? ஆண் தாதியின் முன் அவள் வாய் திறப்பாளா? நோர்வேயின் மீன் கிராமத்தில் எங்கள் தாய்மார் பட்டதை முல்லைத்தீவில் அவள் படக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியவை பற்றித் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

முதலாவது, அகதிகளை ஏற்கிற அரசுகளுக்கு. மொழிபெயர்ப்பாளரும், கூடப் போகிற சமூக சுகாதார ஊழியரும் மருந்தையும் ஊசியையும் போலவே மருத்துவச் செலவு. நிதி வெட்டு வரும்போது முதலில் கை வைக்கிற இடமாக அது இருக்கக் கூடாது. விண்ணப்பத்தின் முடிவு வருகிறவரை சிகிச்சையைத் தள்ளிவைப்பது எவருக்கும் இலாபமில்லை என்பதை ஜேர்மனியும் கனடாவும் காட்டிவிட்டன.

இரண்டாவது, எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கு. தீவகத்து வைத்தியசாலைகளுக்குக் கட்டடமும் கட்டிலும் கருவியும் வாங்கிக் கொடுத்த கைகள் உங்களுடையவை. இந்த மண் அதை மறக்காது. அதே அக்கறையில் ஒரு பங்கை நீங்கள் வாழ்கிற நகரத்திலும் செலவிடுங்கள். ஒவ்வொரு சங்கத்திலும் சில பெண்களும் சில ஆண்களும் முறையான மருத்துவ மொழிபெயர்ப்புப் பயிற்சி பெறட்டும்; இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்கட்டும். தனியாக இருக்கிற முதியவரின் மருந்துப் பையை மாதமொரு முறை பிரித்துப் பார்க்க ஒருவர் போகட்டும். தாதியராகவும் வைத்தியராகவும் வளர்ந்த இரண்டாம் தலைமுறை உங்களிடம் இருக்கிறது. சின்ன வயதில் அம்மாவுக்கு மொழிபெயர்த்தவர்கள் அவர்கள்தான்; என்ன தேவை என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, எங்கள் மாகாணத்துக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் மனநலத் துறையிலும் சேர்ந்திருக்கிற அறிவு, புலம்பெயர் நாடுகளின் வைத்தியர்களுக்குப் போய்ச் சேர ஒழுங்கான வழி வேண்டும். இணையவழி ஆலோசனை இன்று எட்டாத காரியமில்லை. வடக்கின் கரையோர வைத்தியசாலைகளில், கடல்வழி வருகிற அகதிகளை எப்படிப் பார்ப்பது என்ற எழுத்து வடிவ ஒழுங்கு வேண்டும்: தொலைபேசியில் அழைக்க ரோஹிங்கியா மொழி தெரிந்தவர்களின் பட்டியல், பெண் வைத்தியர், பெண் தாதி, தடுப்பூசி, மகப்பேற்றுக் கவனிப்பு, முகாமுக்கு வாரந்தோறும் போகிற ஒரு பொதுச் சுகாதார மருத்துவ மாது. இவை பெருஞ்செலவு பிடிக்கிற காரியங்கள் இல்லை. படகு வந்த பிறகு ஓடித் திரிவதைவிட, வருவதற்கு முன் எழுதி வைத்திருப்பது எங்களைப் போல ஓடித் திரிந்த சனத்தின் கடமை.